அம்பேத்கர் வாங்கிய 282 மதிப்பெண்

மே மாதம் பிறந்தால் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, தனியார் பள்ளிகளின் முழுப்பக்க விளம்பரம். 600-க்கு 590, 595 என்று பிள்ளைகளின் முகங்களை வரிசையாக அச்சடித்து அடுத்த ஆண்டுக்கான கல்லாவைத் திறப்பார்கள். இன்னொன்று, தொலைக்காட்சியில் உட்கார்ந்து சொல்லப்படும் அறிவுரை. "பெற்றோர்களே, பிள்ளைகளை அழுத்தாதீர்கள். மதிப்பெண் மட்டுமே வாழ்க்கை இல்லை. அவர்களுக்குப் பிடித்ததைச் செய்ய விடுங்கள்."

அறிவுரை நல்லதுதான். ஆனால் அது யாரிடம் சொல்லப்படுகிறது? கல்லூரிக்குக் கட்டப் பணம் இருக்கிற வீட்டிடம் சொல்லப்படுகிறது. "பிடித்ததைச் செய்" என்று மகனிடம் சொல்லிவிட்டு, ஐந்து ஆண்டு சோறு போட முடிகிற வீட்டிடம் சொல்லப்படுகிறது. நம் தெருவில் அதைக் கேட்கிற ஒரு தாய் சிரிப்பாள். அவள் தன் மகளை அழுத்துகிறாள், உண்மை. ஆனால் அவளைப் பின்னாலிருந்து அழுத்துவது எது என்று அந்த ஆலோசகர் கேட்பதே இல்லை.

நாம் கேட்போம். கேட்டுவிட்டு, அந்தத் தாயையும் தந்தையையும் அப்படியே விட்டுவிடவும் மாட்டோம்.

கீழே யாருக்கு மெத்தை இருக்கிறது?

ஒரு சாதி இந்து நடுத்தரக் குடும்பத்துப் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றால் என்ன ஆகும்? வீட்டில் இரண்டு நாள் அழுகை. பிறகு துணைத் தேர்வு. பிறகு மேனேஜ்மெண்ட் சீட்டு. அதுவும் இல்லையென்றால் மாமாவின் கடை, சித்தப்பாவின் காண்டிராக்ட், தாத்தாவின் நிலம். அவன் விழுவான், ஆனால் மெத்தைமேல் விழுவான். அந்த மெத்தை பல தலைமுறையாகப் பஞ்சு அடைக்கப்பட்டது. அதில் நம் உழைப்பும் இருக்கிறது.

நம் பிள்ளை தோற்றால் விழுவதற்கு இருப்பது தரை. செங்கல் சூளை, போர்வெல் லாரி, பனியன் கம்பெனி, ஒப்பந்தத் துப்புரவு வேலை. பெண் பிள்ளையாக இருந்தால் அடுத்த தை மாதமே கல்யாணம். அப்பா இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தத் தரையில்தான் அவர் முப்பது வருடமாக நிற்கிறார். ஆகவேதான் "நான் பட்ட பாடு நீ படக்கூடாது" என்கிறார். தமிழில் இதைவிட அன்பான வாக்கியம் இல்லை. ஒரு பிள்ளையின் காதில் இதைவிடப் பெரிய மிரட்டலும் இல்லை.

ஏனென்றால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரியும். மகளிர் குழுவில் எடுத்த கடன் எவ்வளவு, வாரத் தவணை என்று கட்டணும், வசூலுக்கு வருகிறவர் என்ன பேசுவார், அம்மாவின் தோடு எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்று எல்லாம் தெரியும். பத்தடி வீட்டில் ரகசியம் எங்கே ஒளியும்? அந்தப் பிள்ளை தேர்வறைக்குள் தனியாகப் போவதில்லை. கடன், தம்பியின் படிப்பு, அக்காவின் திருமணம், ஒழுகுகிற கூரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் உட்கார்கிறது. பக்கத்து பெஞ்சில் இருக்கிறவனுக்கு மூன்று மணி நேரத் தேர்வு. இதற்குப் பரம்பரையின் தேர்வு.

இதைத்தான் "தகுதி" என்கிறார்கள். தராசின் ஒரு தட்டில் கல்லைக் கட்டிவிட்டு எடை பார்ப்பது தகுதியாம்.

விளையாட்டும் கூலியாகிவிட்டது

படிப்பு வராத பிள்ளைக்கு விளையாட்டு என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் நம் தெருவில் விளையாட்டும் விளையாட்டாக இல்லை.

கபடி நன்றாக ஆடுகிற பையனைக் கண்டதும் வீட்டில் கணக்கு தொடங்கிவிடுகிறது. மாவட்டம், மண்டலம், மாநிலம், சான்றிதழ், ஸ்போர்ட்ஸ் கோட்டா, போலீஸ் வேலை அல்லது ரயில்வே வேலை. பதினான்கு வயதுப் பையனின் முழங்கால்மேல் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை ஏற்றி வைக்கிறோம். முட்டியில் வலி என்றால் "செலக்‌ஷன் முடியட்டும், பார்த்துக்கலாம்." ஷூ வாங்கக் கடன், முட்டைக்கும் பாலுக்கும் கடன். அத்தனையும் செலவழித்துத் தேர்வுப் பட்டியலில் பெயர் வராத அன்று, அந்தப் பையன் வீட்டுக்குப் போகப் பயந்து மைதானத்திலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருப்பான்.

அதே வீட்டில் படிப்பு வருகிற பிள்ளைக்கு நேர் எதிர் உத்தரவு. "டென்த் வந்தாச்சு, இனிமே பந்தத் தொட்டா காலை ஒடைப்பேன்." பெண் பிள்ளை என்றால் பத்தாம் வகுப்புவரைகூடப் பொறுக்கமாட்டார்கள். வயதுக்கு வந்த மறுநாள் முதல் மைதானம் மூடிவிடும். வெற்றி கொண்டுவந்தால் மட்டும் கதவு திறக்கும்.

நம் பாட்டன்கள் ஊர்ப் பொது மைதானத்தில் கால் வைக்க முடியாமல் இருந்தார்கள். பல ஊர்களில் இன்றும் அதே நிலைதான். கோயில் திருவிழாப் போட்டியில் நம் பசங்களின் அணியைச் சேர்க்கிறார்களா, சேர்த்தாலும் ஜெயிக்க விடுகிறார்களா என்று உங்கள் ஊரிலேயே பாருங்கள். இப்படி மறுக்கப்பட்ட ஒன்று நம் பிள்ளையின் கைக்கு வரும்போது, அதையும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மாதிரி ஆக்கிவிட்டால் எப்படி? ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடி, வியர்த்து, சிரித்து வீடு திரும்புவது நம் பிள்ளைக்கு உரிமை. ஆண்டை வீட்டுப் பிள்ளை தலைமுறை தலைமுறையாக அனுபவித்தது அது.

ஜெயித்தால் மதிப்பார்கள் என்கிற பொய்

இந்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. படித்தால் மதிப்பார்கள். ஜெயித்தால் சாதியை மறந்துவிடுவார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய் இதைத்தான் விற்கிறார்கள். பெற்றோர் இதை நம்பித்தான் பிள்ளையை விரட்டுகிறார்கள். நடந்ததைப் பார்ப்போம்.

2023 ஆகஸ்ட், நாங்குநேரி. நன்றாகப் படிக்கிற பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன். கூடப் படித்த சாதி இந்து மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்த மாணவன் சிகிச்சையில் இருந்தபடியே படித்து 600-க்கு 469 எடுத்தான். நாடே பாராட்டியது. ஆனால் அவன் வெட்டுப்பட்டது படிக்காததால் இல்லையே!

2025 மார்ச், ஸ்ரீவைகுண்டம் பக்கம். பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவன் பொதுத்தேர்வு எழுதப் பேருந்தில் போகிறான். பேருந்தை மறித்து ஏறி வெட்டுகிறார்கள். கைவிரல்கள் துண்டாகின்றன. கபடிப் போட்டியில் மகனின் அணி ஜெயித்ததுதான் பகைக்குக் காரணம் என்று தந்தை சொன்னார். படிப்பும் விளையாட்டும் ஒரே பேருந்தில், ஒரே உடம்பில் இருந்தன. இரண்டும் அவனைக் காப்பாற்றவில்லை.

உலக மேடைக்கே போனால்? ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். சில நாட்களில் அரையிறுதியில் அணி தோற்றது. அன்று ஹரித்துவாரில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகம் இருந்ததால்தான் தோல்வி என்று சாதி சொல்லித் திட்டினார்கள்.

நம் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். ஊடகங்கள் அவர் உடலைச் சந்தியில் வைத்துப் பேசின. ஓடிக் கடந்து வந்த அதே சூளைக்கு அவர் கூலியாகத் திரும்ப வேண்டியிருந்தது. நிரந்தரப் பயிற்றுநர் வேலை கிடைக்கப் பத்து ஆண்டு ஆனது.

மதிப்பெண்ணுக்கு வருவோம். 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவுக்கு, அவர் எடுத்த மதிப்பெண் செல்லாது என்றது நீட். ஓடி முடித்த பிறகு பந்தயக் கோட்டை நகர்த்தினார்கள். 2017 செப்டம்பரில் அவரை இழந்தோம். டெல்லி எய்ம்ஸில் நம் மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று 2007-இல் தோரட் குழு அறிக்கை தந்தது. நாட்டின் மிகக் கடினமான தேர்வைத் தாண்டி உள்ளே போனவர்களுக்கு விடுதியில் தனிமை, செய்முறைத் தேர்வில் பாகுபாடு. ரோகித் வெமுலாவும் பாயல் தாத்வியும் தோற்றவர்கள் இல்லை. ஜெயித்து உள்ளே போனவர்கள்.

இதனால் படிக்க வேண்டாம் என்கிறோமா? ஒருபோதும் இல்லை. படிப்பு நம் ஆயுதம், அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டோம். நாம் சொல்வது இதுதான். சாதி ஒழிவது ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் மதிப்பெண்ணால் நடக்கிற காரியம் இல்லை. அது ஒரு சமூகம் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை ஒரு குழந்தையின் தலையில் கட்டிவிட்டு, அது தடுமாறினால் அடிப்பது அநியாயம்.

பாபாசாகேப்பைப் பிரம்பாக்காதீர்கள்

"அம்பேத்கர் தெருவிளக்குல படிச்சாரு. உனக்கு ஃபேனு இருக்கு, லைட்டு இருக்கு, படிச்சா என்ன?" நம் வீடுகளில் இதைக் கேட்காத பிள்ளை இல்லை. விழா மேடைகளிலும் இதே பேச்சு. சரி, பாபாசாகேப்பின் கதையையே முழுதாகச் சொல்வோம்.

1907-இல் பீமராவ் மெட்ரிக் தேறியபோது வாங்கிய மதிப்பெண், 750-க்கு 282. நூற்றுக்கு 38 கூட இல்லை. இன்று பல ஊர்களில் நடக்கிற கல்வி விருது விழாக்களில் அவருக்குக் கேடயம் கிடைக்காது. "400-க்கு மேல் எடுத்தவர்கள் மட்டும் மேடைக்கு வரவும்" என்று அறிவிப்பார்கள். அம்பேத்கர் படம் போட்ட ஃபிளெக்ஸின் கீழ் அம்பேத்கரே பார்வையாளராக உட்கார்ந்திருப்பார்.

அன்றைய மக்கள் அப்படிச் செய்யவில்லை. 282 எடுத்த பையனுக்காகப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். எஸ்.கே. போலே தலைமை தாங்கினார். ஆசிரியர் கேலுஸ்கர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் புத்தகம் எங்கே போய் நின்றது என்று நமக்குத் தெரியும். அதே கேலுஸ்கர்தான் பின்னர் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் பையனை அழைத்துப் போனார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அது இல்லாவிட்டால் பி.ஏ. இல்லை. அடுத்து பரோடா உதவித்தொகை இல்லாவிட்டால் 1913-இல் கொலம்பியா இல்லை.

தந்தை ராம்ஜி கண்டிப்பானவர்தான். பரேலில் ஒற்றை அறை வீடு. இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைப்பார். ஆனால் அந்த இரண்டு மணிவரை தான் தூங்காமல் விழித்திருப்பார். புத்தகம் வாங்கக் கையில் காசில்லாதபோது கல்யாணமான மகள்களிடம் போய்க் கேட்பார், அவர்கள் நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுப்பார். மகனை விழிக்கச் சொன்ன மனிதர் தானும் விழித்தார். சுமையை மகன் தலையில் இறக்கிவிட்டுத் தள்ளி நின்று விரட்டவில்லை.

ஆக, தனி ஒருவரின் மன உறுதியால் மட்டும் ஒரு அம்பேத்கர் வந்துவிடவில்லை. விழித்திருந்த தந்தை, நகை தந்த அக்காக்கள், கைப்பிடித்த ஆசிரியர், பணம் தந்த அரசு, 282-ஐக் கொண்டாடிய மக்கள். இவ்வளவு பேர் சேர்ந்து தூக்கினார்கள். நம் பிள்ளைக்கு இதில் எத்தனை இருக்கிறது? இது எதையும் கொடுக்காமல் "நீ ஏன் அம்பேத்கர் ஆகவில்லை?" என்று கேட்பது அவருக்கே செய்கிற அவமரியாதை.

அவர் நமக்கு விட்டுச்சென்ற மூன்று கட்டளைகளில் முதல் கட்டளை "கற்பி". கவனியுங்கள், "கல்" என்று குழந்தையைப் பார்த்து நீட்டிய விரல் இல்லை அது. கற்பிக்க வேண்டிய பொறுப்பை நம் எல்லோர்மீதும் வைக்கிற சொல். மற்ற இரண்டு கட்டளைகளையும் பெரியவர்கள் மறந்துவிட்டு, முதல் கட்டளையை மட்டும் பிரம்பாக்கிப் பிள்ளையின் முதுகில் வைத்தால் அது அம்பேத்கரியம் ஆகாது.

அடி அடிதான்

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். அழுத்தத்தின் வேர் சாதியில் இருக்கிறது என்பதால் பெல்ட்டால் அடிக்கிற அப்பாவுக்கு மன்னிப்பு கிடையாது. "பக்கத்து வீட்டுப் பிள்ளையப் பாரு" என்று தினமும் குத்துகிற அம்மாவுக்கும் கிடையாது. ஆண்டை நம் பாட்டனைக் கூனிக்குறுக வைத்த அதே சொற்களை, அதே கையோங்கலை நம் வீட்டுக்குள் நம் பிள்ளைமேல் இறக்கினால், ஆண்டைக்கு வேலை மிச்சம்.

"அப்போ சும்மா விட்டுடணுமா? கூலிக்குப் போகட்டுமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் இதுதான். எதிர்பாருங்கள், நிபந்தனை வைக்காதீர்கள். "நீ நல்லா வரணும்" என்று சொல்லுங்கள். "இல்லன்னா மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லாதீர்கள். முதல் வாக்கியத்தில் பிள்ளைக்கு ஒரு பாதை இருக்கிறது. இரண்டாவதில் திரும்பி வர வீடு இல்லை. வீடு இல்லை என்று நினைத்துவிட்ட பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் எண்ணிச் சொல்கிறது. 2022-இல் மட்டும் தற்கொலையில் நாம் இழந்த மாணவர்கள் 13,044 பேர். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை. ஆனால் தோற்றாலும் திரும்ப ஒரு வாசல் திறந்திருக்கிறது என்ற நம்பிக்கை உயிரைப் பிடித்து வைக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியதை அரசிடம் கேட்போம்

பெற்றோர் பிள்ளையிடம் கேட்கிற கேள்விகளில் பாதி, அரசிடம் கேட்க வேண்டியவை. "ஏன்டா கணக்குல 35 கூட எடுக்கல?" என்று கேட்பதற்கு முன், ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் அந்த ஆண்டு கணக்கு ஆசிரியர் இருந்தாரா என்று கேட்போம். "விடுதியில உட்கார்ந்து என்னதான் படிச்ச?" என்பதற்கு முன், அந்த விடுதியில் எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, இரவில் படிக்க வெளிச்சம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்போம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தாமதமானால் கல்லூரி வாசலில் அவமானப்படுவது பிள்ளை. அந்தத் தாமதத்துக்கு யாரையாவது விரட்ட வேண்டுமென்றால் அலுவலகத்தை விரட்டுவோம். நம் குடியிருப்புப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர், நம் தெருவுக்கு ஒரு மைதானம், பள்ளிகளில் சாதி வெறியைத் தடுக்க நீதியரசர் சந்துரு குழு 2024-இல் தந்த பரிந்துரைகள்மீது நடவடிக்கை. இவை எல்லாம் பெற்றோர் சங்கமாகக் கூடிக் கேட்க வேண்டியவை. பிள்ளையை அதட்டுவதற்குச் செலவாகிற கோபத்தில் கால்வாசி போதும், ஒரு கலெக்டர் அலுவலகம் அதிரும்.

இதைப் படிக்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குத்தான் முதல் வேலை. நீங்கள் இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள். அந்த அழுத்தத்தை நேற்றுவரை அனுபவித்தவர்கள். உங்கள் தெருவில் உங்கள் சொல்லைத்தான் அம்மாக்கள் கேட்பார்கள்.

தேர்வு முடிவு வருகிற நாளில் ஊரில் இருங்கள். முதல் மதிப்பெண் வாங்கிய வீட்டுக்கு எல்லோரும் போவார்கள். நீங்கள் தோற்ற வீட்டுக்கு முதலில் போங்கள். மார்க் கேட்காதீர்கள். அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் இந்த ஆண்டே கல்லூரிக்குப் போகலாம் என்று அம்மா அப்பாவிடம் சொல்லி, விண்ணப்பத்தைக் கூட இருந்து போட்டுக் கொடுங்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் வழிகளைச் சொல்லுங்கள். பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 104, 14416 என்ற இரண்டு இலவச உதவி எண்களையும் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஏப்ரல் 14-க்கு விழா எடுத்தால், தோற்று மறுபடி எழுதித் தேறிய பிள்ளையையும் மேடை ஏற்றுங்கள். சாயங்காலம் ஒரு அணி தொடங்குங்கள். யாருக்கும் செலக்‌ஷன் வைக்காத அணி. அதில் பெண் பிள்ளைகளும் ஆடட்டும்.

நம் பிள்ளைகள் நம்மை மீட்க வந்தவர்கள் இல்லை. நம்மோடு வாழ வந்தவர்கள். அவர்கள் மருத்துவர் ஆகட்டும், ஆட்சியர் ஆகட்டும், ஆசியப் போட்டியில் ஓடட்டும். ஒன்றும் ஆகாமல் சராசரியாக 282 எடுத்துவிட்டு வந்தாலும் அவர்களுக்கு வீட்டில் சோறும் தெருவில் மரியாதையும் உண்டு என்கிற நிலையைப் பெரியவர்கள் சேர்ந்து உண்டாக்குவோம். சராசரியாக இருந்தும் தலைநிமிர்ந்து வாழ்கிற உரிமை இந்த நாட்டில் சாதி இந்துக்களுக்கு மட்டுமே இருந்து வந்திருக்கிறது. அதையும் கேட்டு வாங்குவதுதான் சமத்துவம்.

ஜெய் பீம்.